இரண்டாவது எர்த் குழி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஸ்டீரியோ செட்டில் வந்த இரைச்சலைத் தேடியது. ஆயுத பூஜை கழிந்த ஞாயிற்றுக்கிழமை. போத்தனூர் வீட்டின் முன்கூடத்தில் அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் செட்டுக்குப் பின்னால் குனிந்திருந்தேன். கட்டிங் பிளையரின் பிடியில் பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

பெரிய சத்தமில்லை. பாட்டு ஓடும்போது கேட்காது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், அடுத்த தெருவில் ஒரு மோட்டார் ஓடுவது போல 'ம்ம்' என்று அடியில் இருக்கும். மூன்று மாதமாக இருப்பதாகச் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன் என்ன மாறியது என்று கேட்டேன். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. அவள் கட்டிலைப் பின்பக்கம் இருக்கும் புது ரூமில் போட்டார்கள், அங்கேதான் ஒட்டியே பாத்ரூம் இருக்கிறது. அவள் தூக்கம் கெடக்கூடாது என்று செட்டை மட்டும் முன்கூடத்துக்குக் கொண்டுவந்தார் அப்பா. பாட்டெல்லாம் இருக்கும் என் பழைய கம்ப்யூட்டர் புது ரூமிலேயே இருந்துவிட்டது. சுவரில் துளை போட்டு அதிலிருந்து இங்கே ஒரு வயர் இழுத்திருந்தார். துளையின் வாயில் பைப் வைத்து, சிமென்ட் பூசி, சுண்ணாம்பு அடித்து, தன் வேலை எப்போதும் இருப்பது போலக் கச்சிதமாக முடித்திருந்தார்.

நான் ஓசூரில் ஒரு பவர் சப்ளை கம்பெனியில் டெஸ்ட் இஞ்சினியர். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்குத்தான் சம்பளம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். வால்யூமைக் குறைத்தேன், இரைச்சலும் குறைந்தது. ஆகவே ஆம்பிளிஃபயருக்குள் பிறக்கவில்லை, வெளியிலிருந்து வருகிறது. ஃபேன், டியூப் லைட், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்தோம். அப்பா ஸ்பீக்கரில் காது வைத்து, "நிக்கலீங் கண்ணு" என்றார். பாட்டு வயரைப் பிடுங்கினேன். "நின்னு போச்சு." வேறு வயர் மாட்டினேன். "வந்திருச்சு." கடைசியாகப் புது ரூம் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து வந்து செட்டை அதில் போட்டேன். அவர் காதை எடுக்கவே இல்லை. "செட்டு ஓடுதா அம்மணி?" என்று கேட்டார். அவ்வளவு சுத்தம்.

எனக்கு விடை தெரிந்துவிட்டது.

கசியும் கரண்ட் மண்ணுக்குள் இறங்குவதற்கான எர்த் குழி எங்கள் வீட்டில் இரண்டு. கேட்டுக்குப் பக்கத்தில் இருப்பது வீடு கட்டியபோது போட்டது, முன்கூடம் அதில் சேர்ந்தது. புது ரூமுக்குப் பின்னால் கறிவேப்பிலை மரத்தடியில் இரண்டாவது, புது ரூம் அதில் சேர்ந்தது. இரண்டும் மண்ணுக்குள் தனித்தனி. இரண்டுக்கும் நடுவில் எப்போதும் கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். செட்டு ஒரு குழியிலும் கம்ப்யூட்டர் இன்னொரு குழியிலும் இருந்தால், இரண்டையும் இணைப்பது அந்தப் பாட்டு வயர்தான். வித்தியாசம் அதன் வழியாக ஓடும். ஸ்பீக்கர் அதைச் சொல்லும்.

இரண்டாவது குழி எனக்காகத் தோண்டியது. 2011இல் நான் இஞ்சினியரிங் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். வீட்டு லைனில் போர்வெல் மோட்டார் ஓடுகிறது, மிக்ஸி ஓடுகிறது, அந்த அழுக்கெல்லாம் எர்த்தில் இறங்கும், அது அம்மணியின் கம்ப்யூட்டருக்கு வரக்கூடாது என்பது அவர் கணக்கு. ஆள் வைக்காமல் இரண்டு நாள் அவரே தோண்டினார். எட்டடி. பொள்ளாச்சியிலிருந்து தேங்காய்த் தொட்டிக் கரி, அதாவது சிரட்டைக் கரி, கல் உப்பு, நடுவில் பைப். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களைக் கைபிடித்துக் கூட்டிப் போய்க் காட்டுவார். "ஆரு எர்த்தும் கலக்காத எர்த்துங்க" என்பார். அவர்களும் குனிந்து சிமென்ட் மூடியைப் பார்த்துவிட்டுக் காபி குடிக்க வருவார்கள்.

அந்தக் குழிதான் தப்பு என்று அன்றைக்குச் சொன்னேன்.

"என்ற குழியில தப்பு இருக்காதுங் கண்ணு. மீட்டர் வேணா வெச்சுப் பாரு."

குழி நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டு இருப்பதுதான் தப்பு, மண்ணுக்குள் இரும்புப் பட்டை போட்டு இரண்டையும் சேர்க்க வேண்டும் என்றேன். சேர்த்தால் மோட்டார் அழுக்கு இந்தப் பக்கம் வருமே என்றார். வராது என்றேன். வரும் என்றார். மூன்றரைக்கு எனக்குப் பஸ். ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"அப்பா, நீங்க வயர்மேனுங். இது இஞ்சினியரிங்."

"அது வாஸ்தவந்தான்" என்று சொல்லி எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டத் தொடங்கினார். அதை அப்படியே விட்டிருந்தால் போதும், இரைச்சல் இருந்திருக்காது. ஆனால் அம்மா வாக்கரை வைத்து நடக்கும் வழி அது. தரையில் வயர் ஓடும் வீட்டை அவர் வீடு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

நான் செட்டின் பிளக்கைத் திறந்தேன். பச்சை வயரை, அதாவது எர்த் வயரை, அடியோடு வெட்டினேன். முனையில் டேப் சுற்றினேன். மூடினேன். இரைச்சல் நின்றது. தற்காலிகம்தான், தீபாவளிக்கு வரும்போது இரைச்சலை மட்டும் தடுக்கும் ஓர் ஐசொலேட்டர் கொண்டுவந்து பாட்டு வயரில் போட்டுவிட்டு எர்த்தைத் திருப்பி மாட்டிவிடலாம் என்றேன். நான் வெட்டும்போது அப்பா எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். விழுந்த பச்சைத் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்வதற்கு, அவர் யார் என்பதைச் சொல்ல வேண்டும்.

பெயர் வெள்ளியங்கிரி. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் மானாவாரி நிலம் நான்கு பங்காகப் பிரிந்த குடும்பத்தில் மூன்றாவது. பதினெட்டு வயதில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரிகல் செக்‌ஷனில் சேர்ந்தார். மில் மூடியதும் வயர்மேன் லைசென்ஸ் எடுத்து வீட்டு வயரிங்குக்கு வந்தார். போத்தனூர், சுந்தராபுரம், மதுக்கரை. முந்நூற்றுச் சொச்சம் வீடுகள் இருக்கும். ஒரு டி.வி.எஸ். மொபெட், முன்னால் டூல்ஸ் பை.

வீட்டைக் கொடுக்கும் முன் அவருக்கு ஒரு சோதனை உண்டு. ஹோல்டரில் ஒரு நூறு வாட் குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். ஒரு முனை ஃபேஸில், மறுமுனை எர்த்தில். பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் மறுபடி தோண்டுவார். மதுக்கரையில் ஒரு வீட்டில் மறுநாள் புதுமனைப் பால் காய்ச்சு, பல்பு மங்கலாக எரிந்தது. வீட்டுக்காரர் பரவாயில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். அப்பா சரியென்று சொல்லி மெயின் ஃபியூஸ்கள் மூன்றையும் கழற்றி மொபெட் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஆள் எங்கள் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது, கதவுக்குப் பின்னால் இருந்தேன். அப்பா அவருக்குக் காபி கொடுத்து, அவர் காரிலேயே கடப்பாரையோடு போனார். பால் காய்ச்சுக்கு எங்களையும் கூப்பிட்டார்கள்.

எர்த் குழி காய்ந்தால் வேலை செய்யாது. சித்திரை பிறந்ததும், வயரிங் செய்த வீடுகளுக்கெல்லாம் தானாகப் போய்க் குழியில் தண்ணீர் ஊற்றுவார். யாரும் கூப்பிட்டதில்லை. கேட்டைத் திறந்து, அவர்கள் வீட்டு வாளியில் அவர்கள் வீட்டுத் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு வருவார். "துளசிக்குக்கூட நான் இப்படி ஊத்தறதில்லீங்" என்று ஒரு அம்மா சொன்னதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சிமென்ட் கம்பெனியில் ரிட்டையர் ஆன பக்கத்து வீட்டு பிரான்சிஸ் மாமா இன்னும் ஒரு படி மேலே போவார்: "வெள்ளியங்கிரி, நான் செத்தாக் குழியில பூப் போட வேண்டாம்ப்பா, உன்ற கையால ரெண்டு கொடம் ஊத்தீரு."

அந்த மனிதரை எர்த் இல்லாத ஒரு பெட்டியோடு விட்டுவிட்டு நான் மூன்றரை பஸ்ஸைப் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுவோம். முதலில் சோறுண்டாச்சா, பிறகு அம்மாவின் கால், பிறகு நான் கேட்பேன், செட்டு இரைகிறதா என்று. "ஒண்ணும் இல்லீங் கண்ணு. சுத்தமா இருக்குது" என்பார். ஒவ்வொரு வாரமும் அதே பதில். ஐசொலேட்டர் வந்துவிட்டது, தீபாவளி நோம்பிக்கு வரும்போது எடுத்து வருகிறேன் என்றேன். தீபாவளிக்கு ஒரு கஸ்டமர் இன்ஸ்பெக்‌ஷன், போகவில்லை. பொங்கலுக்கு வருகிறேன் என்றேன். பொங்கலுக்கும் போகவில்லை. "வேலையப் பாரு அம்மணி, செட்டு எங்க போயிரும்" என்றார். அந்த ஐசொலேட்டர் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். இப்போதும் என் ஆபீஸ் மேசை இழுப்பறையில், உறை பிரிக்காமல் இருக்கிறது.

தை மாதம் பத்தாம் தேதி போல, சாயங்காலம் ஐந்தரைக்கு அம்மா போன் செய்தாள். கோயிலுக்குப் போய் வந்தாளாம். அப்பா முன்கூடத்தில் செட்டு ஸ்டாண்டுக்கு முன்னால் விழுந்து கிடந்தாராம். பிரான்சிஸ் மாமா காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஹார்ட் என்று டாக்டர் சொன்னாராம்.

நான் கேட்ட முதல் கேள்வி இது: "செட்டு ஆன்ல இருந்துச்சாம்மா?"

அம்மா, "என்ன கண்ணு கேக்கறே?" என்றாள்.

ஓசூரிலிருந்து வரும் ஐந்து மணி நேரமும் ஒரே கணக்குத்தான். டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் எங்காவது போனால் கரண்ட் இரும்புப் பெட்டிக்கு வரும். எர்த் இருந்தால் ஃபியூஸ் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி சும்மா இருக்கும், தொடுகிறவருக்காக. கரண்ட் கசிந்ததும் லைனைத் தானாக அணைக்கும் டிரிப்பர் முன்கூடத்து லைனுக்குக் கிடையாது. ஊருக்கெல்லாம் மாட்டியவர் தன் வீட்டுப் பழைய லைனுக்கு மட்டும் மாட்டாமல் தள்ளிப்போட்டிருந்தார். பாட்டு வயர் மாட்டியிருந்தால் அதன் வழியாகக் கம்ப்யூட்டரின் எர்த்தாவது கிடைத்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். பாட்டு வயர் கழன்று சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த வரிசையில்தான் பார்த்தேன்.

கருமாதி முடியும் வரை முன்கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். செட்டை மூலையில் தள்ளி வைத்து வேட்டி போட்டு மூடியிருந்தார்கள். அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பா மேல் பாசம் என்று நினைத்தார்கள். ஒரு அத்தை என் தலையைத் தடவிவிட்டு அழுதாள். நான் பிளக்கைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். திறந்து பார்க்க மூன்று நிமிடம் போதும். பன்னிரண்டு நாள் திறக்கவில்லை. டாக்டர் எழுதிய காகிதத்தை நம்பலாம், கையில் தீக்காயம் எதுவும் இல்லை, முந்தின வருடமே படி ஏறினால் மூச்சு வாங்கியது, எல்லாம் தெரியும். தெரிந்தும் திறக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலையில் வீடு காலியானது. அம்மா பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பிளக்கைத் திறந்தேன்.

பச்சை வயர் அதன் இடத்தில் இருந்தது.

நான் அடியோடு வெட்டியிருந்ததால் அதை மட்டும் இழுத்து மாட்ட முடியாது. கேபிளையே மூன்று விரற்கடை நறுக்கி, மூன்று வயரையும் புதிதாகச் சீவி மாட்டியிருந்தார். செம்பு இழைகளை முறுக்கி, ஸ்குரூ இறுகும் பக்கமாக வளைத்துச் சுற்றியிருந்தார். பச்சை வயரை மட்டும் மற்ற இரண்டையும்விட அரை அங்குலம் நீளமாக விட்டிருந்தார். யாராவது கேபிளைப் பிடித்து இழுத்தாலும் எர்த் கடைசியாகத்தான் கழல வேண்டும் என்பதற்காக. எல்லா வீட்டிலும் அப்படித்தான் விடுவார்.

நான் கொல்லவில்லை. முதலில் வந்தது அந்த நிம்மதிதான். தரையில் உட்கார்ந்து நன்றாக மூச்சு விட்டேன். அப்படி மூச்சு விட்டதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு பிளக்கை மூடி, தொங்கிய பாட்டு வயரை எடுத்துச் செட்டில் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். இரைந்தது. அக்டோபரில் இருந்த அதே இரைச்சல், துளியும் குறையாமல்.

அம்மா சத்தம் கேட்டு வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "இது என்னத்துக்குங் கண்ணு இப்ப?" என்றாள். அப்பா எப்போது பிளக்கைக் கழற்றினார் என்று கேட்டேன்.

"நீ பஸ் ஏறுன மக்யா நாளே. ஏனுங், அம்மணி நல்லாத்தானே செஞ்சுபோட்டுப் போனான்னு கேட்டேன். அவளுக்குச் சொல்லீராதேன்னாரு."

"அப்புறம் பாட்டு?"

"எங்க போட்டாரு? ரெண்டு நாள் போட்டாரு, இரையுதுன்னு நிறுத்திப்போட்டாரு. வயரப் புடுங்கி உட்டுட்டாரு. தெனமும் பொழுதோட துணி எடுத்து அதத் தொடைக்க மட்டும் தொடைப்பாரு. அன்னிக்கும் கையில துணி இருந்துச்சு."

எண்ணூறு கேசட் பாட்டை இரண்டு வருடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர். மூன்று மாதம் ஒரு பாட்டுக்கூடக் கேட்கவில்லை. எர்த்தை வெட்டி வைத்துக்கொண்டு கேட்க அவரால் முடியாது. என் வேலையைப் பிரித்துப்போட்டதை என்னிடம் சொல்லவும் முடியவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார். செட்டையே போடாவிட்டால் சுத்தமாகத்தான் இருக்கும்.

அம்மா இன்னொன்றும் சொன்னாள். மார்கழியில் ஒரு நாள் அப்பா கோலமாவு டப்பாவை எடுத்துப் போய், கேட்டுப் பக்கத்துக் குழியிலிருந்து வீட்டைச் சுற்றிக் கறிவேப்பிலை மரத்தடி வரைக்கும் தரையில் ஒரு கோடு போட்டாராம். தண்ணீர்க் குழாய் பதிக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாளாம். போய்ப் பார்த்தேன். கோலமாவு கரைந்து போயிருந்தது. ஆனால் நாலடிக்கு ஒரு ஆணி அடித்திருந்தார். பின்சுவரில் சாய்த்து, முழு நீளத்துக்கும் இரும்புப் பட்டை வாங்கி வைத்திருந்தார்.

இரண்டு குழியையும் சேர்க்கும் பட்டை.

மறுநாள் காலை அப்பாவின் போன் அடித்தது. அம்மா அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். பேசியவர் பொள்ளாச்சியிலிருந்து யாகூப். தொட்டி சுட்டுக் கரி விற்கிறவர். அப்பா என்று நினைத்து அவர் பாட்டுக்குப் பேசத் தொடங்கிவிட்டார்.

"ஏனுங் வயர்மேன், கரி சலிச்சு மூட்டை கட்டி வெச்சு மாசமாச்சு. பொங்கல் கழிச்சு வாரேன்னீங்க. மழை வந்தா நனைஞ்சு போயிருமுங்."

நான் அவர் மகள் என்றேன். அப்பா இல்லை என்று சொன்னேன். யாகூப் எப்போது, எப்படி என்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பொண்ணு வந்ததும் ஒட்டுக்கா வந்து எடுத்துக்கறோம்னாருங்க. ரெண்டு குழியையும் சேத்தோணும், பொண்ணு அப்பவே சொல்லுச்சு, எனக்குத்தான் வெளங்கலைன்னாரு. கரிக்குச் சொல்ல வந்தவரு அதையே பேசிட்டிருந்தாருங்க. நீங்கதானுங்களா அது?"

ஆமாம் என்றேன்.

"அப்ப மூட்டைய வேற ஆருக்காச்சும் குடுத்தறட்டுங்களா?"

"வேண்டாமுங்க" என்றேன். "இருக்கட்டும். நான் வாரேன்."

வியாழக்கிழமை மாட்டுச் சந்தை, வண்டி நுழையாது, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார். மூட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பதாகச் சொன்னார். இன்று புதன்கிழமை. பிரான்சிஸ் மாமாவிடம் கடப்பாரை கேட்டிருக்கிறேன். பட்டை சுவரில் சாய்ந்திருக்கிறது, ஆணிகள் அடித்தபடி இருக்கின்றன. பொள்ளாச்சிக்குப் போய், பட்டையைச் சுற்றிப் போட ஒரு மூட்டை தொட்டிக் கரி எடுத்து வர வேண்டியதுதான் பாக்கி. அதற்கு அப்பா என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்.